தேசியப் பாடல்களின் மூலப்படிகள்: தேடியவர்களும் தேட வேண்டியவையும்

இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் எழுந்த தமிழ்ப் பாடல்கள் பொதுக்கூட்ட மேடையிலும் பஜனைக் கோஷ்டியிலும் நாடகக் கொட்டகையிலும் வாய்வழியாகவே பெரிதும் பரவியதால், பிற்காலத்தில் அவற்றின் அச்சு நூல்கள் பல்கிப் பெருகிய அளவுக்கு, இயற்றியவர்கள் தம் கைப்பட எழுதிய தாள்கள் பேணப்படவில்லை. பாடலாசிரியர் தாமே எழுதிய தாளைப் பதிப்புத் துறையினர் மூலப்படி என்பர். அடித்தலும் திருத்தலுமாக உள்ள முதல் எழுத்து வரைவு எனப்படும். அச்சுக்கு அனுப்பவோ நண்பர்க்குக் கொடுக்கவோ திருத்தமாக எழுதிய தாள் நற்படி எனப்படும். பிறர் பார்த்தெழுதியது பெயர்த்தெழுதிய படி எனப்படும். இந்தப் படிகளுக்கிடையே சொல்லோ அடியோ வேறுபட்டிருந்தால் அதுவே பாடபேதம். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ. வே. சாமிநாதையரின் உழைப்பால், சங்கப் பாடல்களுக்குப் பாடபேதம் காண்பது தமிழர்க்கு முறையான கல்வியாயிற்று. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தேசியப் பாடல்கள் அச்சிலேயே கிடைக்கும்போது மூலத்தை ஏன் தேட வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்த எண்ணத்தால் நேர்ந்த இழப்பு பெரிது.

அச்சு நூல் தன்னளவில் முழுச் சான்றாகாது என்பதற்கு சுப்பிரமணிய பாரதியின் பாடல்களே தக்க எடுத்துக்காட்டு. 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதி, வங்கப் பிரிவினையை ஒட்டி 1905 செப்டம்பரில் வங்கத்தை வாழ்த்தி அந்த இதழில் பாடல் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் வந்தே மாதர கீதத்தின் மொழிபெயர்ப்பைச் சக்கரவர்த்தினி இதழில் வெளியிட்டார். 1907இல் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் மிதவாதி, பாரதியோ திலகர் வழியில் நின்ற தீவிரவாதி. அரசியலில் எதிரெதிர் நின்றவர்களைப் பாட்டு ஒன்றுசேர்த்த நிகழ்ச்சியாக இதைப் போற்றுவது முற்றிலும் தகும். ஆயினும் அச்சில் ஏறியவை மூன்று பாடல்கள் மட்டுமே என்பதையும் கருத வேண்டும். எதை அச்சிடலாம், எதை அச்சிடலாகாது என்ற தேர்வு தொடக்கத்திலேயே பாடலுக்கும் வாசகருக்கும் இடையே புகுந்துவிட்டது. 1908இல் பாரதியே வெளியிட்ட ஸ்வதேச கீதங்களும், 1909இல் வந்த ஜன்ம பூமியும் அந்த எல்லையை ஓரளவு விரித்தன.

1908இல், பாரதி நடத்திவந்த இந்தியா வார இதழின் பதிவு பெற்ற உரிமையாளர் கைதாகித் தண்டனை பெற்றதும் பாரதி புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து அவ்விதழைத் தொடர்ந்து நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைய முடியாதபடி அரசு தடுத்ததால் 1910 மார்ச்சுடன் அது நின்றது. அதற்குப் பிந்திய எட்டாண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதிக்கு உடனடி அச்சு வாய்ப்பு இல்லை. தாள்களும் குறிப்பேடுகளுமே அவற்றின் முதல் இருப்பிடம். பிரிட்டிஷ் ஒற்றர்கள் சூழ்ந்திருந்த ஊரில் கையெழுத்துத் தாள் எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதைப் பாரதியின் சின்னச் சங்கரன் கதைக்கு நேர்ந்தது காட்டுகிறது. அதன் முதற்படி களவுபோனதால் பாரதி நினைவிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினார். அதுவும் முற்றுப் பெறவில்லை. இன்று நூல்களில் காணப்படுவது அந்த இரண்டாம் எழுத்தின் எஞ்சிய பகுதியே.

பாரதி தம் கையெழுத்துப் படிகளின் மதிப்பை நன்கு அறிந்திருந்தார். 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறிக் கடலூரில் கைதாகி விடுதலையான பின் கடையத்தில் வாழ்ந்த அவர், சேர்த்து வைத்த எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் வீதம் வெளியிட எண்ணி, 1920இல் நண்பர்களிடமும் அன்பர்களிடமும் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். எழுத்தறிவு பெற்றோர் மிகக் குறைவாயிருந்த காலத்தில் நான்கு லட்சம் படிகள் அச்சிடத் துணிந்தவரின் நம்பிக்கை வியக்கத்தக்கது. அதற்குத் தமிழகம் அன்று கைகொடுக்காதது என்றும் வருந்தத்தக்கது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தபோது அந்தத் திட்டம் ஏட்டளவிலேயே இருந்தது.

எனினும் பாரதியின் வாழ்நாளிலேயே அந்தத் தாள்களை அச்சாக்கப் பாடுபட்டவர்கள் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் பரலி சு. நெல்லையப்பர். பாரதி புதுச்சேரியில் இருக்க, சென்னையில் இருந்த நெல்லையப்பர் கண்ணன் பாட்டு, நாட்டுப் பாட்டு முதலிய நூல்களைத் தம் முயற்சியால் பதிப்பித்தார். 1915 ஜூலையில் பாரதி அவரைத் தம்பி என விளித்து எழுதிய கடிதம் தமிழ் உரைநடையின் செல்வங்களுள் ஒன்றாக இன்று படிக்கப்படுகிறது. அது கிடைத்திருப்பதற்கு ஒரே காரணம், பெற்றவர் அதைப் போற்றி வைத்திருந்தார் என்பதே. கடல் கடந்தும் பாடல்கள் சென்றன. மாதா மணிவாசகம் என்ற தொகுப்பு 1914இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அச்சாயிற்று. பிரிட்டிஷ் இந்திய அரசு கண்காணித்த ஒரு கவிஞரின் பாடல்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் குடியேறிய தமிழர் வாழும் நகரில் நூலானதை நினைக்கும்போது, அச்சுக்கு முன் எத்தனை கைகள் அவற்றை எழுதியும் பெயர்த்தெழுதியும் அனுப்பியிருக்கும் என்ற கேள்வி தானே எழும்.

கவிஞரின் மறைவுக்குப் பின் அவர் மனைவி செல்லம்மா பாரதி தம் உறவினர் துணையுடன் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922இல் சுதேச கீதங்களை வெளியிட்டார். பிறகு பாரதியின் இளவல் சி. விசுவநாதனும் ஹரிஹர சர்மாவும் கே. நடராஜனும் சேர்ந்து நடத்திய பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. பாடல்களைத் தேசிய கீதங்கள், தோத்திரப் பாடல்கள் என்று வகைப்படுத்தித் தலைப்பிட்டு அச்சிடும் இன்றைய வழக்கம் பெரும்பாலும் இந்தப் பதிப்புகளின் வழியே நிலைபெற்றது. அவ்வகைப்பாடு வாசகருக்குப் பெரிதும் உதவியது. ஆனால் ஒரு பாடல் எந்த ஆண்டில் எந்த நிகழ்ச்சியை ஒட்டிப் பிறந்தது என்ற காலவரிசை அதில் மறைந்தது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் ஓட்டிய நாட்களில் கலெக்டர் விஞ்சும் சிதம்பரம் பிள்ளையும் எதிர்வாதம் செய்வதாகப் பாடப்பட்ட பாடல்களுக்கு 1908ஆம் ஆண்டின் நெல்லைச் சீமையே பின்புலம். நாள் தெரியாமல் படிப்பவர்க்கு அவை வெறும் வீரப் பாட்டாகத் தோன்றிவிடும்.

1928இல் பர்மா அரசு பாரதியின் தேசியப் பாடல் நூலைத் தடைசெய்ததைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் தடை விதித்தது. பிரசுராலயத்தில் இருந்த சுமார் 2,000 படிகள் பறிமுதலாயின. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவு, அரசு நிந்தனை என்று கருதப்படும் அச்சுப் பொருளை வழக்கு நடத்தாமலே கைப்பற்ற அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அக்டோபரில் சென்னைச் சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி இத்தடையைக் கண்டித்து ஆற்றிய உரை, பாரதி பாடல்களுக்காக அரசியல் மேடையில் எழுந்த முதல் பெருங்குரல்களுள் ஒன்று. தடைக் காலம் சேகரிப்போருக்கு இருவகையில் முக்கியமானது. கடையில் நூல் கிடைக்காதபோது, பாட விரும்பியவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி எழுதப்பட்ட படிகள் பாரதியின் கையெழுத்தாக இல்லாவிடினும், அவர் பாட்டு எந்த ஊரில் எந்த வடிவில் பாடப்பட்டது என்பதற்கு நேர்ச்சாட்சிகள். மறுபுறம், தடைசெய்த அரசே தான் பறித்தவற்றைக் கோப்பில் சேர்த்து, மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ள தடைசெய்யப்பட்ட வெளியீடுகளின் தொகுப்புகள் அவ்வாறு உருவானவை. ஒழிக்க நினைத்தவர்களே காத்துவைத்த பாடல்களும் உண்டு.

நாடக மேடைப் பாடல்களின் நிலை இதனினும் நுட்பமானது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி பறவைகளை ஓட்டும் கட்டம் வரும். கதைக்கு இயல்பான அந்த இடத்தில் பயிரை நாசம் செய்யும் வெள்ளைப் பறவையை விரட்டுவதாகப் பாட்டு அமைந்தது. கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பறவை யாரென்று தெரியும். 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துச் சட்டத்தின்படி ஆட்சேபகரமான நாடகத்தை அரசு தடுக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்த நாடகப் பிரதியில் இல்லாத பாட்டு மேடையில் ஒலித்தால் பிரதியைப் படித்துத் தடுப்பது இயலாது. இதனால் நடிகர்கள் தம்மிடம் வைத்திருந்த பாட்டு நோட்டு, அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தைக் காட்டிலும் உண்மைக்கு நெருக்கமான சான்றாகிறது. விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார். அவர் தலைமுறையின் மேடைப் பாடல்கள் எத்தனையோ அவற்றைப் பாடியவர்களுடனேயே மறைந்தன.

பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் தப்பியிருப்பது இந்தப் பின்னணியில் அரிய பேறு. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைத் தழுவும் அந்தக் குறிப்புகள் அவருடைய பேரனும் நாடக இயக்குநருமான ச. முருகபூபதியின் தொகுப்பில் நூலாக வெளிவந்துள்ளன. பாட்டெழுதும் ஒருவரின் அன்றாடம், பாட்டுக் கேட்டு வந்த நடிகர்கள், கிராமபோன் கம்பெனித் தொடர்பு, ஊர்ப் பயணம் ஆகியவை சுருக்கமான பதிவுகளாக அதில் நிரம்பியுள்ளன. பாடல் எழுதிய தாள் ஒன்று கிடைத்தால் அப்பாடலின் சொற்கள் கிடைக்கும். எழுதியவரின் நாட்குறிப்பு கிடைத்தாலோ யாருக்காக, எப்போது, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதும் தெரியவரும். சேகரிப்போர் பாடல் தாளை மட்டும் உருவிக்கொண்டு, அதனுடன் இருந்த கணக்குச் சீட்டையும் கடிதத்தையும் நாட்குறிப்பையும் விட்டுவிடுவது பெருங்குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

பாரதியைப் பொறுத்தவரை இந்தத் தேடலைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே தனிமனிதர்கள் தொடங்கினர். பெ. தூரன் சுதேசமித்திரன் இதழ்களைப் புரட்டி நாள் விவரத்துடன் எழுத்துகளைத் தொகுத்த பாரதி தமிழ் 1953இல் வந்தது. ரா. அ. பத்மநாபன் பாரதியோடு பழகியவர்களை நேரில் கண்டு, ஒளிப்படங்களையும் கடிதங்களையும் கையெழுத்துகளையும் திரட்டி 1957இல் சித்திர பாரதியை வெளியிட்டார். தாளில் பாரதியின் கை எப்படி ஓடியது என்பதைப் பொதுவாசகர் கண்ணால் கண்டது பெரும்பாலும் அவர் வெளியிட்ட நிழற்படிகளின் வாயிலாகவே. ஏ. கே. செட்டியாரின் குமரி மலர் பழைய ஆவணங்களைத் தேடி வெளியிடுவதையே தொண்டாகக் கொண்டது. 1970களில் இளசை மணியனும் சி. எஸ். சுப்பிரமணியமும் இந்தியா இதழ்களிலிருந்து பாரதி தரிசனத்தை உருவாக்கினர். 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாடபேதங்களுடன் கூடிய பாரதி பாடல்கள் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டது. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுக் காலவரிசைப்படி அமைத்த பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக 2024 டிசம்பரில் முழுமையாக வெளியிடப்பட்டன. அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்களுள் பலர் கைக்காசைச் செலவிட்டு உழைத்தவர்கள். தமிழ்ச் சமூகம் இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் விருதுகளால் தீர்வதன்று.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கிப் பொதுவுடைமையாக்க வழி செய்தது உலக இலக்கிய வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி. ஏ. வி. மெய்யப்பன் தம்மிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். ஆனால் பாட்டின் பதிப்புரிமை வேறு, பாட்டு எழுதப்பட்ட தாளின் உடைமை வேறு. உரிமை பொதுவானபின் எவரும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. மலிவுப் பதிப்புகளால் பாரதி வீடுதோறும் சென்றடைந்தார். அதே வேளையில் ஒரு பதிப்பின் பிழை அடுத்த பதிப்புக்கும் தாவியது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பைப் பெரும்பாலான பதிப்பாளர்கள் ஏற்கவில்லை.

பிற நாடுகள் இத்தகைய தாள்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. 1814 செப்டம்பரில் பால்ட்டிமோர் கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பற்படை குண்டு பொழிந்ததைக் கண்டு பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடலே பின்னர் அமெரிக்க நாட்டுப்பண்ணாயிற்று. அவர் கையெழுத்துப் படியை 1934இல் பால்ட்டிமோர் வால்ட்டர்ஸ் கலைக்கூடம் 26,400 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. 1953இல் அது மேரிலாந்து வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றது. ஹங்கேரியில் கோல்சை என்ற கவிஞர் தம் நாட்டுப்பண்ணின் கையெழுத்துப் படியில் குறித்த நாள் 1823 ஜனவரி 22. அந்த நாளையே அந்நாடு பண்பாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. ஜெர்மன் நாட்டுப்பண்ணின் மூலப்படிக்கு நேர்ந்தது வேறு. 1841இல் எழுதப்பட்ட அந்தத் தாள், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி பெர்லினிலிருந்து கிழக்கே அனுப்பப்பட்ட நூலகச் செல்வங்களுடன் சென்று, போருக்குப் பின் எல்லைகள் மாறியதால் இன்று போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ளது.

ஒரு தாள் கைக்கு வந்தால் அதை ஆராயும் முறை பொறுமையைக் கோருவது. முதலில் அது மூலப்படிதானா என்று பார்க்க வேண்டும். ஐயமற அறிந்த கடிதங்களின் கையெழுத்தோடு எழுத்துருவை ஒப்பிட வேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன் ணை, லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன. 1910ஐச் சேர்ந்தது எனப்படும் தாளில் இக்கால வடிவங்கள் காணப்பட்டால் ஐயுறலாம். அடுத்து, தாளின் பின்பக்கம். கோடிட்ட கணக்குத் தாளின் மறுபுறத்தில் பாட்டு எழுதப்பட்டிருந்தால், முன்புறக் கணக்கின் தேதி பாட்டின் காலத்தை உரைக்கக்கூடும். பாட்டின் தலையில் எழுதிய ராகம், தாளம், பல்லவிக் குறிப்பு ஆகியவை இன்றைய அச்சு நூல்கள் பலவற்றில் விடுபட்டவை. அவை பாடப்பட்ட பாட்டுகள், வெறும் கவிதைகளாகப் படிக்கப்பட்டவை அல்ல என்பதை அக்குறிப்புகளே நினைவூட்டும். அடிக்கப்பட்ட சொல்லையும் படித்தறிய முயல வேண்டும். கவிஞர் எதை வேண்டாமென விலக்கினார் என்பதிலும் அவர் மனம் தெரியும்.

அதே சமயம், கையெழுத்தில் இருப்பதே முடிந்த முடிபு என்று கொள்வதும் தவறு. பாரதி தாமே அச்சில் திருத்தியிருக்கக்கூடும். அந்நிலையில் அச்சு வடிவமே அவரது இறுதி விருப்பம். மூலப்படி, முதல் அச்சு, அவர் வாழ்நாளில் வந்த பிந்திய அச்சு ஆகிய அனைத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நேர்மையான பதிப்பு நெறி. வாய்மொழி நினைவுகளும் துணை செய்யும். புதுச்சேரியில் சிறுமியாகப் பாரதியின் வீட்டில் பழகிய யதுகிரி அம்மாள் எழுதிய பாரதி நினைவுகள், சில பாடல்கள் பிறந்த வேளையை அருகிருந்து காட்டுகிறது.

தேடல் முடிந்துவிடவில்லை. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையின் பாடலைப் பாடிச் சென்றனர். அப்படி நடந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், பஜனைக் கோஷ்டியில் பாடியவர்கள், நாடகக் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் ஆகியோரின் பேரர் வீடுகளில் பரண்மேல் தகரப் பெட்டியில் பழைய நோட்டுகள் இன்னும் இருக்கலாம். மரக்கூழால் செய்த மலிவுத் தாள் அமிலத்தால் பழுத்து விளிம்பிலிருந்து பொடியாகும்; இராமபாணப் பூச்சியும் கரையானும் மிச்சத்தைத் தின்னும். காலம் தாழ்த்தினால் நோட்டு அட்டை மட்டுமே மிஞ்சும்.

அத்தகைய நோட்டு வைத்திருப்போர் செய்ய வேண்டியவை மிகச் சில. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை தாளைக் கறுக்கச் செய்யும். கடையில் லேமினேஷன் செய்யக் கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. வெளிறிய எழுத்தின் மேல் பேனாவால் மறுபடி எழுதக் கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் தாளை மடிக்காமல் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பின்பக்கத்துடன் தெளிவாகப் படமெடுத்து, எழுதியவர் யார், எந்த ஊர், யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தால் போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த சேகரத்தின் அடிப்படையில் 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா, புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டில் அமைந்த அருங்காட்சியகமும் ஆய்வு மையமும், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவை அணுகத்தக்க இடங்கள். மூலத்தைப் பிரிய மனமில்லாதவர்கள் படமெடுத்த படியையாவது கொடுக்கலாம். வீட்டில் பாட்டனார் எழுதிய பழைய பாட்டு நோட்டு இருப்பதாக அறிந்த வாசகர்கள், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுமுன் ஒருமுறை அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை இந்த நூலகங்களுள் ஒன்றுக்கு ஒரு கடிதமாக எழுதித் தெரிவிக்க வேண்டும்.